அண்டாவுக்குள் மைக்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமா இன்னும் தண்ணீர் லாரிதான் ஓட்டுகிறாரா? நிவாரண முகாமின் சமையலுக்கும் சரக்கறைக்கும் பொறுப்பேற்றுப் போனதிலிருந்து நீ எழுதியது ஒரே ஒரு கடிதம். அதிலும் பாதி என்னைத் திட்டியே போய்விட்டது. மீதிப் பாதி சரக்கறையில் எலித் தொல்லை.

சேதிக்கு வருகிறேன். டெலிவிஷன்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள்! பஞ்ச நிவாரணத்துக்காக மாலை முழுக்கக் கச்சேரி. நேரடி ஒளிபரப்பு. பெரிய பாடகர்கள் எல்லோரும் வருகிறார்கள். இசை நடத்துவது யார் தெரியுமா? சாட்சாத் உன் தம்பிதான். இத்தனை வருஷம் யார் யாரோ முன்னால் நின்று பாட, நான் பின்வரிசையில் விளக்கு படாத மூலையில் கீபோர்டு வாசித்தேன். இப்போது என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் வாசிக்கப்போகிறார்கள். ஒத்திகையில் டிரம்மர் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். ஒரு நிமிஷம் யாரைக் கூப்பிடுகிறார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கேட்டுவிட்டுச் சிரிக்காதே. மேடை நடுவில் ஒரு பெரிய அண்டா. ஒவ்வொரு கலைஞரும் வீட்டிலிருந்து ஒரு பிடி தானியம் கொண்டுவந்து அதில் போட வேண்டும். அண்டாவுக்குள் ஒரு மைக். தானியம் விழும் சத்தம்தான் கடைசிப் பாட்டின் தாளம். அதே நேரத்தில் ஒவ்வொரு ஊரிலும் டெலிவிஷன் நிலையம் ஓர் அண்டா வைக்கும். ஜனங்கள் ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து போடுவார்கள். அரிசியோ பருப்போ, வீட்டில் எது இருக்கிறதோ அது. தயாரிப்பாளர் அம்மா இதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

சேர்வதெல்லாம் உங்கள் முகாமுக்கே வருகிறது. அதற்கும் நான்தான் சொன்னேன். அக்கா முகாமின் சரக்கறைக்குத் தம்பியின் சீர் என்று வைத்துக்கொள்.

குழந்தைகள் கூடாரத்தைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பு. அறிவிப்பாளருக்கு வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
சத்தம்

*

பிப்ரவரி 17

சத்தத்துக்கு,

ஆசிகள். இங்கே நானும் மாமாவும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை ஒன்றும் செய்வதற்கில்லை. மாமா அதே லாரிதான். அவர் காலையில் கிளம்பினால் தண்ணீர் எங்கே கிடைக்கிறதோ அந்த ஊரைப் பொறுத்துத் திரும்புவார்.

நீ மாஸ்டரானது சந்தோஷம். மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "சின்ன வயசுல தட்டைத் தட்டித் தட்டியே நெளிச்சு 'சத்தம்'னு பேர் வாங்கினவன், இப்ப அண்டாவுக்கு வந்துட்டானா" என்றார். நானும் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் இதைக் கவனமாகப் படி. தானியத்தைக் கலக்கவிடாதே.

இங்கே நான் அரிசியை உலையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். கொண்டைக்கடலை ஊற வைக்காமல் மாலை வரை கொதித்தாலும் கல்லாகவே இருக்கும். கோதுமை ஒரு பக்குவம், பயறு ஒரு பக்குவம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அரிசி கரைந்து அடியில் பிடிக்கும், கடலை மேலே கடகடவென்று உருளும். உன் பாட்டில் எல்லோரும் ஒன்றாக முடிப்பார்கள். என் பானையில் முடிக்க மாட்டார்கள். குழந்தைகள் கூடாரத்துக்கு மெல்லிய அரிசிக் கஞ்சி தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பட்டினி கிடந்த வயிறு வேறு எதையும் தாங்காது.

ஆகவே அரிசி மட்டும் வாங்கு. எல்லா ஊரிலும் அரிசி மட்டும். இல்லாவிட்டால் அண்டாவே வேண்டாம், பாட்டோடு நிறுத்திக்கொள்.

கூடாரத்தைப் பற்றி நாலு வரி கேட்டாய். அறுபது பிள்ளைகள். கரண்டி சத்தம் கேட்டால் அழுகையை நிறுத்துவார்கள். இதற்கு மேல் அறிவிப்பாளருக்கு ஒன்றும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கத்திக் கத்தி. இசை நடத்துநர் கத்த வேண்டியிருக்கும் என்று யாருமே முன்னால் சொல்லவில்லை.

உன் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீ சொன்னபடி செய்துதான் பார்த்தோம். நேற்று ஒத்திகையில் அரிசியை மட்டும் அண்டாவில் கொட்டினோம். மைக்கில் வெறும் சர்ர்ர். சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்ன மாஸ்டர், ஸ்டேஷன் சரியாப் பிடிக்காத ரேடியோ மாதிரி இருக்கு" என்றார். டிரம்மர் உதட்டைப் பிதுக்கினார். தயாரிப்பாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், அது இன்னும் மோசம்.

பிறகு சும்மா ஒரு சோதனைக்கு ஒரு பிடி கொண்டைக்கடலையைப் போட்டோம். அடடா! தட தட தட என்று அண்டாவின் அடியில் விழுந்தது. அதன் மேல் பட்டாணி. அதன் மேல் பயறு, பொடிப் பொடியாக. கடைசியில் அரிசி வந்து எல்லாவற்றையும் மூடியது. டிரம்மர் தன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல நான் என்ன வாசிக்க?" என்று கேட்டார். தயாரிப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே கலப்புதான். அறிவிப்பாளர் சொல்லப்போகும் வரியைக்கூட எழுதிவிட்டார்கள்: "எல்லா வாத்தியமும் ஒரே பாட்டில், எல்லாத் தானியமும் ஒரே பாத்திரத்தில்."

நீ கவலைப்படாதே. சல்லடையில் சலித்தால் பிரிந்துவிடும் என்று சவுண்டுக்காரர் சொல்கிறார். அவர் வீட்டில் மளிகைக் கடை இருந்ததாம்.

கச்சேரி இருபதாம் தேதி. ஏதாவது டெலிவிஷன் கிடைத்தால் பார்.

அன்புடன்,
சத்தம்

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. முழங்காலா, தபாலா, கோபமா?

நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு. கடைசிப் பாட்டில் எல்லா வாத்தியத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். வயலின்கள், கிட்டார், கடைசியில் என் கீபோர்டு. அண்டாவின் சத்தம் மட்டும் மிஞ்சியது. பாடகர்கள் வரிசையாக வந்து போட்டார்கள். அப்புறம் திரையில் ஊர் ஊராகக் காட்டினார்கள். மழைக்கு நிற்பது போல ஜனங்கள் கை குவித்து நிற்கிறார்கள். வயசானவர் ஒருவர் சட்டைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சின்னப் பெண் தன் கிளிக்கு வைத்திருந்த தினையைக் கொண்டுவந்து போட்டாள். நான் கையை உயர்த்தியபடியே நின்றேன். இறக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் தெருவில் என்னைத் தெரியாதவர்கள் நிறுத்திப் பேசினார்கள். முடிவெட்டுபவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அக்கா, எனக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூட்டைகள் லாரிகளில் கிளம்பிவிட்டன. வந்ததும் எழுது. குழந்தைகள் சாப்பிட்டதும் எழுது. ஜூனில் ஒரு தொடர் நிகழ்ச்சி இருக்கிறது. "அந்த ஒரு பிடி என்ன ஆயிற்று" என்று காட்டப்போகிறார்கள். கூடாரத்தில் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

அவசரமாக,
சத்தம்

*

ஏப்ரல் 18

சத்தத்துக்கு,

ஆசிகள். உன் கச்சேரியைப் பார்த்தோம் என்றே வைத்துக்கொள். முகாமில் டெலிவிஷன் இல்லை. மாமா டவுனில் டீக்கடையில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். "கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அதுக்காக அவன் செஞ்சது சரின்னு அர்த்தமில்ல" என்றார்.

மூட்டைகள் வந்தன. சரக்கறை நிரம்பி, வெளியே தார்ப்பாய் போட்டு அடுக்கியிருக்கிறோம்.

உன் சவுண்டுக்காரரிடம் சொல். சல்லடை சின்னதையும் பெரியதையும்தான் பிரிக்கும். பட்டாணியும் சோயாவும் ஒரே அளவு. அரிசியும் கோதுமையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அது தவிர யாரோ சர்க்கரை போட்டிருக்கிறார்கள், யாரோ ரவை. கல் உப்பு இருக்கிறது. வழியில் எங்கேயோ தார்ப்பாய் விலகி ஈரம் பட்டு, சர்க்கரை கரைந்து, சில மூட்டைகள் கட்டியாக இறுகிவிட்டன. எறும்பு மொய்க்கிறது. முகாமில் இருக்கிற பெண்களை உட்கார வைத்துக் கையால் பொறுக்குகிறோம். விடிந்ததிலிருந்து பொறுக்கினால் ஒரு பானைக்குத் தேறுகிறது. இங்கே தினம் வேண்டியது இருபது பானை.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. "உங்க சரக்கறையில இவ்வளவு தானியம் இருக்கு" என்று சொல்லி நிவாரண அலுவலகம் எங்கள் மாத ஒதுக்கீட்டை நிறுத்திவிட்டது. கச்சேரி மூட்டை தீரும் வரை அரிசி கிடையாது. இது சமையலுக்கு உதவாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஏற்கவில்லை. ஜனங்கள் கொடுத்ததைச் சரக்கறைக்காரி வீண் என்று சொன்னால் எடுபடாது, கொடுத்தவர்கள் சார்பில் யாராவது எழுதித் தர வேண்டும் என்கிறார்.

ஆகவே நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. தானியம் கலந்துவிட்டது, சமைக்க முடியாது, இதை ஒதுக்கிவிட்டு வழக்கமான அரிசியை அனுப்புங்கள். மூன்று வரி போதும். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது.

கையில் இருக்கிற அரிசியைக் குழந்தைகள் கூடாரத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.

தொண்டை சரியாகிவிட்டதா?

அக்கா

*

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. உன் கடிதம் கிடைத்தது. மாமா கண் கலங்கியதைப் படித்து எனக்கும் கலங்கியது. அந்த மனிதரையே அழவைத்துவிட்டேன் என்றால் பெரிய விஷயம்தான்.

இங்கே தலைக்கு மேல் வேலை. கச்சேரி ஒலிநாடா வெளிவந்துவிட்டது. உனக்கு ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். அட்டையில் அண்டா படம், பின்னால் என் படம், கொஞ்சம் இருட்டாக விழுந்திருக்கிறது. ஒன்பதாவது பாட்டின் கடைசிப் பகுதியைக் கேள், அதுதான் பட்டாணி. வெளியூரில் இரண்டாவது கச்சேரிக்குப் பேச்சு நடக்கிறது. அங்கேயும் அண்டா வேண்டும் என்று கேட்கிறார்கள். என் குழுவில் பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் முதல் தடவையாக நிலையான வேலை. டிரம்மர் வீடு மாறிவிட்டார். வயலின் வாசிக்கிற அம்மா தன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்.

நீ எழுதிய மற்ற விஷயத்தை மனதில் வைத்திருக்கிறேன். பார்க்கலாம்.

குழந்தைகள் கூடாரத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? போட்டோ?

அன்புடன்,
சத்தம்

*

மே 16

சத்தத்துக்கு,

ஒலிநாடா வந்தது. அதைப் போட்டுக் கேட்க இங்கே எதுவும் இல்லை. உறை அழகாக இருக்கிறது.

அதிகாரிக்கு நீ இன்னும் எழுதவில்லை என்று தெரிகிறது. எழுது.

போட்டோ இல்லை.

மாமாவுக்கு முதுகு வலி. எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முதுகுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல். கூடவே பார்சலில் பத்துச் சல்லடைகள் வரும், ஐந்து அளவுகளில். சவுண்டுக்காரரே கடை கடையாக ஏறி வாங்கினார். அவர் மனசு நல்ல மனசு.

உன் சின்னக் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ திட்டினால் எனக்குப் பழக்கம். இப்படி எழுதினால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தயாரிப்பாளர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மாஸ்டர், நாடு பூரா அழுதுகிட்டே போட்ட தானியம். அது உதவாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, அப்புறம் யாரும் ஒரு பிடிகூட எதுக்கும் தர மாட்டாங்க. இரண்டாவது கச்சேரியும் இல்லை. தொடர் நிகழ்ச்சி முடியட்டும், சத்தமில்லாம வேற வழி பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பதினெட்டுப் பேர், அக்கா. நான் மட்டும் என்றால் யோசிக்கவே மாட்டேன்.

தொடர் நிகழ்ச்சி இருபத்துநாலாம் தேதி. அது முடியட்டும். கட்டாயம் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறேன்.

உன்,
சத்தம்

*

ஜூன் 13

தம்பி,

தைலம் கிடைத்தது. முதுகு தேவலை. சல்லடைகளும் வந்தன. அதில் இரண்டை ஜன்னலுக்குக் கொசு வராமல் கட்டியிருக்கிறோம்.

நான் ஒன்று செய்திருக்கிறேன். அதை நீ என் கையெழுத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று நிவாரண அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா, மலை மாதிரி ஸ்டாக் இருக்கு, அப்புறம் எதுக்கு அரிசி அரிசின்னு மனு போடறீங்க?" என்றார். இது வேகாது என்றேன். "அதை நீங்க சொல்லி நான் எழுத முடியாதும்மா. நாளைக்கே பேப்பர்ல என் படம் வரும், ஜனங்க அன்பைக் குப்பையில போட்ட அதிகாரின்னு. கொடுத்தவர் சொல்லட்டும், இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

"சொல்லிட்டார் சார்" என்றேன்.

"யாரு?"

"என் தம்பி. போன வாரம் லெட்டர் போட்டிருந்தான். தப்பு என்னோடதுதான், சத்தம் நல்லா இருக்குன்னு கலக்க விட்டுட்டேன், அதை ஒதுக்கிட்டுப் பிள்ளைங்களுக்கு அரிசி அனுப்பச் சொல்லுன்னு எழுதியிருக்கான்."

லெட்டரைக் காட்டச் சொன்னார். குடும்ப விஷயமும் அதில் இருக்கிறது என்றேன். மாமா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் பொய்க்குத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி ஒத்துக்க ஒரு மனசு வேணும்மா" என்றார். அங்கேயே ஒரு மூட்டை மேல் காகிதத்தை வைத்து அரிசிக்கு உத்தரவு எழுதினார்.

உன் தொடர் நிகழ்ச்சிக்கு அவரையும் விருந்தினராக அழைத்திருக்கிறார்களாம். "மேடையிலேயே உங்க தம்பியப் பாராட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கடிதம் இருபத்துநாலுக்கு முன்னால் கிடைத்தால் யோசிக்க உனக்கு நேரம் இருக்கும். அப்படி எழுதவே இல்லை என்று நீ சொன்னால் உத்தரவு ரத்தாகும், என்னை அன்றே வெளியே அனுப்புவார்கள். ஆமாம் என்றால் உனக்கு என்ன ஆகும் என்று நீயே எழுதிவிட்டாய். பதினெட்டுப் பேரை நான் மறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 28

அக்காவுக்கு,

அடிப்பாவி!

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மாமாவை மட்டும் கேட்டதாகச் சொல்.

நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு வாரம் வீட்டுக்கே போகவில்லை. ஸ்டுடியோ பின்னாலிருக்கிற அறையில்தான் படுக்கை. உன் கடிதம் எதுவும் அதற்குள் என் கைக்கு வரவில்லை. நிகழ்ச்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பாட்டு முடிந்தது. அதிகாரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, சாதுவான மனிதர். மைக்கைப் பிடித்தார். "இவரோட இசையைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் இவர் மனசைப் பத்திப் பேசறேன். அந்தத் தானியம் கலந்துபோச்சு, சமைக்க முடியாது, தப்பு என்னோடதுன்னு இவரே தன் அக்காவுக்கு லெட்டர் போட்டிருக்கார். இந்தக் காலத்துல யார் சார் ஒத்துக்கறாங்க?" என்றார்.

அறிவிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா மாஸ்டர்? அப்படி எழுதினீங்களா?" கேமரா மேல் இருக்கிற சிவப்பு விளக்கு என்னைப் பார்த்து எரிகிறது. கேமராவுக்குப் பின்னால் தயாரிப்பாளர் அம்மா கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார், இல்லை என்று சொல்லச் சொல்லி. டிரம்மர் என்னையே பார்க்கிறார்.

என்ன கடிதம், எந்தக் கடிதம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நீ பொய் சொல்லியிருக்கிறாய். பொய்யே சொல்லாத நீ சொல்லியிருக்கிறாய் என்றால் அங்கே நிலைமை நான் நினைத்ததுபோல இல்லை. இரண்டு கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. அது அங்கே மேடையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமாம், எழுதினேன்" என்றேன்.

என்ன எழுதினீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். எழுதாத கடிதத்தை நான் வாயால் படிக்க வேண்டியதாயிற்று. அரிசி மட்டும் போடச் சொல்லி அக்கா முதலிலேயே எச்சரித்தாள், அரிசி மைக்கில் நன்றாகக் கேட்கவில்லை என்பதற்காக நான்தான் கலக்கச் சொன்னேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது கச்சேரி இல்லை. தயாரிப்பாளர் அம்மா கோபப்படவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும் மாஸ்டர்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். டிரம்மர் வேறு குழுவுக்குப் போய்விட்டார், சொல்லிக்கொள்ளாமல். வயலின் அம்மா மட்டும் வந்து, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழைய பின்வரிசைக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கதவடியில் கிடக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. பிரித்துப் படித்தால் கோபம் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு இப்போது இந்தக் கோபம் வேண்டும். என்னிடம் கேட்காமல் என் வாயில் வார்த்தையைத் திணித்துவிட்டாய். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

தம்பி

*

ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

மாமாவும் நானும் நலம். நீ கேட்டதை அவரிடம் சொன்னேன்.

அரிசி வந்துவிட்டது. குழந்தைகள் கூடாரத்தில் வேளைக்கு வேளை கஞ்சி நடக்கிறது. உன் மூட்டைகளை மாட்டு முகாமுக்குக் கொடுக்க அதிகாரி உத்தரவு போட்டார். ஊற வைத்துக் கொடுக்கிறார்கள். எலும்பும் தோலுமாக நின்ற மாடுகள், தலையைத் தூக்காமல் சாப்பிடுகின்றன. ஜனங்கள் கொடுத்ததில் ஒரு பிடியும் வீணாகவில்லை. கேட்கிறவர்களுக்கு நீ இதைச் சொல்லலாம்.

இருபத்துநாலாம் தேதி மாமா டவுன் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் சரக்கறையில் என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ இல்லை என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் உன்னைத் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். லாரி வந்தது. மாமா இறங்கி, "சொல்லிட்டான்" என்றார். எதைச் சொன்னாய் என்று கேட்காமல் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவரே பிறகு சொன்னார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மே மாதம் ஒதுக்கி வைத்த அரிசியும் தீர்ந்த பிறகு குழந்தைகள் கூடாரத்தில் என்ன நடந்தது என்று நான் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றே நீ அதிகாரிக்குக் கடிதம் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன், இரண்டு தடவை. அந்தப் பிள்ளைகளைக் காட்டி உன்னை அழவைத்துக் காரியம் சாதிக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்வது அதைவிட லேசாக இருந்தது. அது சரியா தப்பா என்று இன்னும் புரியவில்லை. எழுதியிருந்தால் அரிசி ஒரு மாதம் முன்னாலேயே வந்திருக்கும். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் உலை வைப்பதில்லை.

அதைக் கடிதத்தில் எழுத என்னால் இப்போதும் முடியாது. நேரில் என்றால் சொல்வேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

வேலை இல்லாமல்தானே இருக்கிறாய்? கிளம்பி வா. டவுன் வரை ரயில், அங்கிருந்து மாமா லாரியில் ஏற்றிக்கொள்வார். கோபம் தணியட்டும் என்று காத்திருக்காதே. கோபத்தோடேயே வா.

அக்கா